கையெழுத்துக்காக ஒரு காவிரிக்கரைப் பயணம்

முசிறியிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிழக்கே போகும் பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வாழைத் தோட்டமும் ஆற்றங்கரையும் பார்த்துக்கொண்டே போகலாம். திருச்சியில் புத்தகத் திருவிழா நடக்கிற நாட்களில் இந்தத் தடத்தில் ஏறுகிறவர்களில் சிலர் வெறும் பையோடு வருவதில்லை. புத்தகம் வாங்கத்தான் போகிறார்கள். ஆனாலும் வீட்டிலிருந்தே ஒரு புத்தகத்தை எடுத்துவருகிறார்கள். முனை மடங்கி, அட்டை தேய்ந்து, நடுவில் பழைய பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகியிருக்கும் புத்தகம். அதை எழுதியவர் அன்று மாலை மேடையில் பேசுகிறார். அந்தப் பிரதியிலேயே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அரங்கில் புதுப் பிரதி கிடைக்கும்தான். ஆனால் இரவு விளக்கில் படித்து, பென்சிலால் கோடு போட்டு, தங்கைக்கு இரவல் கொடுத்து, சண்டை போட்டுத் திரும்ப வாங்கிய பிரதி இதுதான். எழுத்தாளர் அதைக் கையில் வாங்கிப் புரட்டும்போது, தன் புத்தகம் எவ்வளவு படிக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்கே தெரியும். வாசகர் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியம் இருக்காது.

திருச்சி மாவட்டத்தின் மேற்கே காவிரியின் வடகரையில் இருக்கிறது முசிறி. தென்கரையில் குளித்தலை. அகண்ட காவிரியின் குறுக்கே பெரியார் பாலம் இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் முசிறி. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. மேற்கே தொட்டியம், வடக்கே தாத்தையங்கார்பேட்டை என்று சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் சந்தைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் வந்துபோகும் தாலுகா தலைநகரம். இங்கே வாசகர் என்றால் கிளை நூலக உறுப்பினர், அரசுப் பள்ளி ஆசிரியர், அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி மாணவி, வார இதழ்த் தொடரைக் கத்தரித்துத் தைத்துவைத்த பாட்டி. பெரும்பாலும் தனித்தனியாகப் படிப்பவர்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே நாவலைப் படித்துக்கொண்டிருப்பது இவர்களுக்குத் தெரியாமலே போய்விடக்கூடும்.

இந்த ஊரின் பேரை நாடெங்கும் கொண்டுபோனவர் ஒரு பாடகர். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1899 ஏப்ரலில் முசிறியை அடுத்த பொம்மலாபாளையத்தில் பிறந்தார். 1939இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். ‘துக்காராம்’ படத்தில் நடித்தார். அதே 1899ஆம் ஆண்டு செப்டம்பரில், காவிரி கடலை நெருங்கும் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. பின்னாளில் கல்கி. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதியவர். கச்சேரி கேட்கப் போக முடியாத ஊர்களில் இருந்தவர்கள் அந்தப் பத்திகள் வழியாகத்தான் வித்வான்களை அறிந்தார்கள். வித்வான் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். எழுத்தாளரோ அச்சில் மட்டும் வந்தார். அவரை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை வாசகருக்கு வருவதற்கு அந்த ஒன்றே போதும்.

முசிறியிலிருந்து சாலை மேற்கே மோகனூர்ப் பக்கமும் நாமக்கல்லுக்கும் போகிறது. உப்புச் சத்தியாகிரகப் பாட்டை எழுதிய நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை பிறந்தது மோகனூரில். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் நடந்துபோன தொண்டர்கள் பாடிக்கொண்டு போனது அவருடைய பாட்டைத்தான். நம் காலத்தில் அதே நாமக்கல்லில் இன்னொரு எழுத்தாளரின் கதை நடந்தது.

பெருமாள்முருகன் அப்போது அங்கே அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். முசிறிக் கல்லூரியைப் போலவே அதற்கும் அண்ணாவின் பெயர்தான். 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, இனி எழுதப் போவதில்லை என்று அவர் முகநூலில் அறிவித்தார். தன் நூல்களை விற்கவேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஒன்றரை ஆண்டு அவருடைய வாசகர்கள் காத்திருந்தது கையெழுத்துக்காக அல்ல. அவர் மறுபடியும் பேனா எடுக்க வேண்டும் என்பதற்காக. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்து, எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் கேட்டுக்கொண்டது. அவர் எழுதினார். அவருடைய ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவம் அதே ஆண்டு ஜேசிபி பரிசு பெற்றது. இன்று ஒரு புத்தகக் காட்சியில் அவரிடம் ‘மாதொருபாகன்’ பிரதியை நீட்டுகிற வாசகருக்கு அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும்.

நம் பேருந்து முசிறியிலிருந்து கிழக்கே போகிறது. உமையாள்புரம் தாண்டி, வாழை இலைக் கட்டுகள் ஏறி இறங்கும் நிறுத்தங்களைக் கடந்து குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநோயால் துன்பப்படுகிறவர்களைக் குடும்பத்தார் அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் தலம். நிறுத்தத்தில் இறங்கும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தாலே எதற்காக வந்திருக்கிறார்கள் என்று நடத்துநருக்குத் தெரியும். அதட்டாமல் இறக்கிவிடுகிறார்.

அடுத்து வாத்தலை. தெற்கே சிறிது தூரத்தில் முக்கொம்பு. இங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் திட்டத்தில் தொடங்கிய மேலணை இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து போயின. பிறகு அங்கே புதுக் கதவணை கட்டப்பட்டது. இவ்வளவு நேரம் பேருந்தோடு வந்தது காவிரி. வாத்தலைக்குப் பிறகு வலப்பக்கம் தெரியும் ஆறு கொள்ளிடம்.

காவிரியைத் தொடர்ந்துபோய்ப் பயண நூல் எழுதிய இருவரைத் தமிழ் வாசகர்கள் மறப்பதில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியின் போக்கில் பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வந்தது. வெளியிட்டது ‘வாசகர் வட்டம்’. தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய பதிப்பகம் அது. நல்ல தாள், நல்ல கட்டமைப்பு, உறுப்பினர்களுக்குச் சலுகை விலை என்று வாசகரை மதித்துப் புத்தகம் போட்ட அமைப்பு. இன்று அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு ஒன்று பழைய புத்தகக் கடையில் சிக்கினால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். அதில் ஆசிரியரின் கையெழுத்தும் இருந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு வெளியே இரவல் கொடுப்பதே இல்லை.

திருவாசி, நொச்சியம், நம்பர் ஒன் டோல்கேட். பேருந்து தெற்கே திரும்பிக் கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் முழுசாகத் தெரிகிறது. பதின்மூன்று நிலை, 236 அடி. பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த மொட்டைக் கோபுரம் 1987இல்தான் முழுமை பெற்றது. ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோபுர வாசலை நோக்கிப் போகிறார்கள். சிலர் மட்டும் கீழச் சித்திரை வீதி எது என்று கேட்கிறார்கள். அவர்கள் சுஜாதாவின் வாசகர்கள்.

சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னையில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். இங்கே உயர்நிலைப் பள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், கடைசியில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். குமுதத்தில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் மனைவியின் பெயரில் எழுதத் தொடங்கினார். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ ஆக இருந்தார். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ வழியாக இந்த ஊரின் வீதிகளும் ரங்கு கடையும் கிரிக்கெட் ஆட்டமும் முசிறிக்கும் மூதூருக்கும் மலேசியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. ஊரைப் பார்க்காமலே ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் நேரில் வந்து தெருவில் நிற்கிறார்கள். எந்த வீடு என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டு, கோலம் போட்ட வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சுஜாதா வந்த மாலைகளில் வாசகர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வது வழக்கமாக இருந்தது. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார். அவரிடம் கையெழுத்து வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாங்கத் தவறியவர்களுக்குக் கீழச் சித்திரை வீதி இருக்கிறது.

எழுத்தாளருக்கே ஒரு பிரதி கிடைக்காமல் போன கதையும் இவருடையதுதான். சுஜாதாவின் முதல் சிறுகதை 1953இல் திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் வந்தது. பின்னாளில் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்த பிறகும் அந்த இதழ் தன்னிடம் இல்லையே என்று அவர் ஏங்கி எழுதியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்கு ராஜ்யத்தில் பாதி என்றார். ஒரு குறிப்பிட்ட பிரதிக்காக மனிதர்கள் ஏன் அலைகிறார்கள் என்பது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதே ஊரில் இன்னொரு ரங்கராஜனும் இருந்தார். ஓவியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஓவியர் மாலியைப் போல வரைய வேண்டும் என்ற அவருடைய ஆசையைப் பார்த்து நண்பர் ஒருவர் வைத்த பெயர் வாலி. இளைஞராக இருந்தபோது தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் முதல் பிரதியை வெளியிட வந்தவர் கல்கி. தமிழ்நாடே வாரந்தோறும் காத்திருந்து படித்த எழுத்தாளர், அச்சேறாத ஒரு பத்திரிகைக்காக ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். அந்த விழாவுக்கு வந்திருந்த திருச்சி வானொலி நிலைய அதிகாரி மூலம் வாலிக்கு வானொலியில் எழுதும் வாய்ப்பு கிடைத்தது. கல்கிக்குத் திருச்சியும் புதிதல்ல. திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1921இல் பள்ளி இறுதித் தேர்வைக்கூட எழுதாமல் ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார்.

பெரிய எழுத்தாளர் ஒருவர் சின்ன ஊருக்கு ஒரு நாள் வந்துபோனால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த ‘நேதாஜி’ விழாவைச் சொல்லலாம். வந்தவர் ஒரு மாலைப் பொழுதைத்தான் கொடுத்தார். அந்த மாலை வாலிக்கு வானொலியின் கதவைத் திறந்துவிட்டது. பிறகு ஆயிரக்கணக்கான திரைப்பாடல்கள்.

ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் தாண்டிக் காவிரிப் பாலம். மலைக்கோட்டை எதிரே வருகிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி. சுஜாதா மட்டுமல்ல, அப்துல் கலாமும் இங்கேதான் இயற்பியல் படித்தார். கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ பிரதியில் கையெழுத்து வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் இன்று தமிழ்நாடெங்கும் பொறியாளராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள்.

அங்கிருந்து நகரப் பேருந்தில் வெஸ்ட்ரி பள்ளி மைதானம். 1763இல் சுவார்ட்ஸ் பாதிரியார் தொடங்கிய பள்ளி. எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்தத் தமிழ்நாடு அரசு முடிவு செய்த பிறகு, 2022 செப்டம்பரில் திருச்சித் திருவிழா இந்த மைதானத்தில் நடந்தது. அதற்கு முன் முசிறி வாசகர் தன் எழுத்தாளரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைக்குப் போக வேண்டும். 300 கிலோமீட்டருக்கும் மேல். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளியில் தொடங்கியது. நெய்வேலியிலும் 2005 முதல் ஈரோட்டிலும் புத்தகத் திருவிழா வேர்பிடித்தது. முசிறியிலிருந்து ஈரோடு போவதும் அரைநாள் வேலைதான். போக்குவரத்துச் செலவு, ஒரு நாள் கூலி, ராத்தங்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். இப்போது மாலையில் புறப்பட்டு இரவே வீடு திரும்பலாம்.

மைதானத்துக்குள் போனதும் முதல் வேலை விசாரிப்பு. எந்த அரங்கு, எத்தனை மணி, பேச்சுக்கு முன்னா பின்னா. பதிப்பக அரங்கில் ‘இன்று மாலை ஆசிரியர் வருகை’ என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். ஐந்து மணி என்றால் நாலரைக்கே நாலைந்து பேர் நின்றிருப்பார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. கையிலிருக்கும் அட்டையைப் பார்த்துப் பேச்சு தொடங்குகிறது. “நீங்க இதைத்தான் முதல்ல படிச்சீங்களா?” “எங்க ஊர் லைப்ரரில இருந்த ஒரே புத்தகம் இதாங்க.” லால்குடிக்காரரும் மணப்பாறைக்காரரும் முசிறிக்காரரும் ஒரே நாவலின் ஒரே அத்தியாயத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். தனியாகப் படித்தவர்களுக்கு அன்றைக்குக் கூட்டாளி கிடைக்கிறது. எழுத்தாளர் வருவதற்கு முன்பே பயணத்தின் பாதிப் பலன் கைக்கு வந்துவிடுகிறது.

எழுத்தாளர் வந்து உட்கார்ந்ததும் வரிசை ஒழுங்காகிறது. பெயரைத் துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வது பல அரங்குகளில் வழக்கம். சத்தத்தில் சரோஜா சரளா ஆகிவிடும், முதலெழுத்து மாறிவிடும். உள்பக்கத்தில் புத்தகத் தலைப்பு மட்டும் அச்சாகியிருக்கும் தாளைத் திறந்து நீட்ட வேண்டும். வழவழப்பான அட்டையின் உள்பக்கத்தில் மை காயாமல் இழுபடும். சிலர் தேதியோடு ‘திருச்சி’ என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். சிலர் தங்கள் பெயருக்கு வாங்குவதில்லை. “அம்மா பேருக்குப் போடுங்க சார், அவங்கதான் எனக்குப் படிக்கக் கொடுத்தாங்க.” இதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்காத எழுத்தாளர் இருக்க முடியாது. அம்மா ஏன் வரவில்லை என்று கேட்பார். ஆடு மாடு, கடை, முட்டிவலி, கடைசிப் பேருந்து என்று ஏதாவது ஒரு காரணம் வரும்.

நூலகப் பிரதியில் மட்டும் கையெழுத்து வாங்க முடியாது. அரசு முத்திரை குத்திய புத்தகம் அது. அதைப் படித்தே வாசகரானவர்கள் சொந்தப் பிரதி ஒன்று வாங்கி நீட்டுகிறார்கள்.

வரிசையில் மணிக்கணக்கில் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம், முன்னால் போனதும் மறந்துபோகும். ‘வணக்கம் சார்’ மட்டும் வெளியே வரும். பிறகு செல்பேசியில் ஒரு படம். எழுத்தாளர்கள் இதை அறிந்தவர்கள். எஸ். ராமகிருஷ்ணன் தன் நூல்களுக்கென்று தேசாந்திரி பதிப்பகத்தைத் தொடங்கிய பிறகு, சென்னைக் காட்சியில் மாலை நேரங்களில் அந்த அரங்கிலேயே இருந்து வாசகர்களைச் சந்திக்கிறார். விகடனில் ‘தேசாந்திரி’ தொடராக வந்த காலத்தில் ஊர் ஊராகப் பயணம் போய் எழுதியவர் அவர். அவரைப் பார்க்க இப்போது ஊர் ஊராக வாசகர்கள் பயணம் வருகிறார்கள்.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி 1 தொடங்கி 2020 ஜூலை வரை ஒவ்வொரு நாளும் இணையத்தில் வெளியானது. மொத்தம் 26 நாவல்கள். நாள்தோறும் இலவசமாகப் படித்து முடித்தவர்களே அதன் கெட்டி அட்டைச் செம்பதிப்புக்கு முன்பணம் கட்டி, ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதிக்காகக் காத்திருந்தார்கள். படிப்பதற்குத்தான் புத்தகம் என்றால் இந்த விற்பனை நடந்திருக்காது. எழுதியவரின் கை பட்ட ஒன்று தன் அலமாரியில் இருக்க வேண்டும் என்று வாசகர் விரும்புகிறார். அதற்குத் தன் சம்பாத்தியத்திலிருந்து எடுத்துவைக்கிறார்.

இந்த விருப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1867 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் கதைகளை மேடையில் வாசிக்க நியூயார்க் போனபோது, நுழைவுச் சீட்டுக்காக வாசகர்கள் குளிரில் இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். காந்தி தன் கையெழுத்துக்கு 5 ரூபாய் கேட்டு வாங்கி அரிசன நிதியில் சேர்த்தார். அந்த நிதிக்காக அவர் நடத்திய சுற்றுப்பயணம் 1934 பிப்ரவரியில் திருச்சிக்கும் வந்தது. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்திட்டு அலுத்து, ஓர் ஊரில் இருந்தபடி இன்னோர் ஊரில் இருக்கும் புத்தகத்தில் நிஜ மையால் கையெழுத்திடும் இயந்திரக் கையை உருவாக்கச் செய்தார். 2006இல் லண்டன் புத்தகக் காட்சியில் அதை அறிமுகம் செய்தார்கள். இயந்திரம் வந்த பிறகும் எழுத்தாளர்கள் பயணம் போவதை நிறுத்தவில்லை, வாசகர்களும் வரிசையில் நிற்பதை நிறுத்தவில்லை. அந்த அரை நிமிடத்தில் எழுத்தாளர் தன் பெயரைக் கேட்டு, நிமிர்ந்து பார்த்து எழுதுகிறார் என்பதற்காகத்தான் வாசகர் 40 கிலோமீட்டர் வந்திருக்கிறார்.

வரிசையில் இல்லாதவர்களைப் பற்றியும் நினைக்கத்தான் வேண்டும். மாவட்டத்தின் தென்கோடியில் துவரங்குறிச்சி. அங்கே ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருக்க நேர்ந்த ஒரு பெண், உள்ளூர் நூலகத்துப் புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். ருஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகள் அவருக்கு அந்த நூலகத்தில்தான் கிடைத்தன. குடும்பத்துக்குத் தெரியாமல் வேறு பெயரில் கவிதை எழுதினார். அந்தப் பெயர் சல்மா. 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ அவரை இந்திய அளவில் அறியவைத்தது. அன்று எந்த எழுத்தாளரின் வரிசையிலும் போய் நிற்கும் நிலையில் அவர் இல்லை. இன்று அவருடைய புத்தகத்தை வாசகர்கள் கையெழுத்துக்காக நீட்டுகிறார்கள். அவரைப் போல வீட்டிலிருந்தபடியே படிக்கிற பெண்கள் முசிறித் தாலுகாவிலும் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு முடியும் கூட்டத்துக்கு 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்வருவது அவர்களில் பலருக்கு இன்னும் முடியாத காரியம். புத்தகங்களை மகனிடம் கொடுத்தனுப்புகிற அம்மா அவர்களில் ஒருவர்.

ஆகவே மாவட்டத் தலைநகர் வரைக்கும் வந்த எழுத்தாளர் இன்னும் ஒரு பேருந்து தூரம் வர வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வீட்டுவரியோடு நூலக வரியும் மக்களே கட்டிவருகிறார்கள். கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. திருச்சித் திருவிழாவுக்கு வருகிற எழுத்தாளர்கள் மாலைப் பேச்சுக்காகப் பகல் முழுவதும் விடுதியில் காத்திருக்கிறார்கள். அந்தப் பகலில் ஒருவரை முசிறிக்கும் ஒருவரைத் துறையூருக்கும் ஒருவரை மணப்பாறைக்கும் அழைத்துப்போகலாம். பதிப்பகம் இரண்டு பெட்டிப் புத்தகத்தைக் கூடவே அனுப்பினால் விற்பனையும் நடக்கும். பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கினால் தொட்டியத்திலிருந்தும் தாத்தையங்கார்பேட்டையிலிருந்தும் பாலம் தாண்டிக் குளித்தலையிலிருந்தும் வருகிற பெண்கள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம். பெரிய மேடை தேவையில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, உட்கார ஊரிலேயே நெய்த கோரைப் பாய்கள். கல்லூரியில் கூடம் இருக்கிறது, நூலகத்தில் வாசகர் பதிவேடு இருக்கிறது. அடுத்த திருவிழாவின் நிகழ்ச்சி நிரல் அச்சாவதற்கு முன்பே மாவட்ட நூலக அலுவலருக்கும் பதிப்பகங்களுக்கும் முசிறியிலிருந்து அழைப்புக் கடிதம் போக வேண்டும்.